காணமும் கூனியும்

"எழுத்துக்கெல்லாமா பைசா?"

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். இந்த மாதமே வரலாம். ஒரு கடைக்கு லேபிள், பெட்டி, பெயர்ப்பலகை எல்லாம் வடிவமைத்து, செலவுப் பட்டியலை நீட்டுவீர்கள். புகைப்படத்துக்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள். குப்பிக்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள், கொஞ்சம் பேரம் பேசுவார்கள். 'எழுத்துரு உரிமம்' என்ற வரியில் மட்டும் விரல் நின்றுவிடும். "கம்ப்யூட்டர்லயே ஆயிரம் ஃபாண்ட் சும்மா கெடக்கே!"

நாகர்கோவிலில் முப்பத்திரண்டு வருடம் இந்தத் தொழில் செய்தேன். அதில் பெரும்பகுதி நான் சொன்ன பதில், "சரி, அந்த வரிய எடுத்துருவோம்" என்பதுதான். வாடிக்கையாளர் முகம் மலர்ந்துவிடும், எனக்கும் ஒரு வாக்குவாதம் மிச்சம். எங்கள் வடிவமைப்பு ஸ்டுடியோவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டபோது, நல்லபடியாக முடிந்த வேலைகளைப் பற்றி எழுத வேண்டாமென்று தோன்றியது. அவை வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கின்றன, நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சுவரில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

மணவாளக்குறிச்சியைத் தாண்டி ஒரு கடலோர ஊர். கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்குச் சொந்தமான பழைய ஹாலில் பதினொரு பெண்கள் சேர்ந்து பொடி வகைகள் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். தலைவி செலின். குவைத்தில் பதினேழு வருடம் நர்ஸாக இருந்துவிட்டுத் திரும்பியவர். எதையும் நேரத்துக்குச் செய்வார், எதையும் இரண்டு முறை எண்ணுவார். அவர்கள் செய்ததில் நன்றாக விற்றவை இரண்டு. ஒன்று காணப் பொடி. வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் கொள்ளுக்குக் காணம் என்று பெயர். இன்னொன்று கூனிப் பொடி. நகத்தளவுகூட இல்லாத குட்டி இறாலைக் காயவைத்தால் அது கூனி. இரண்டையும் தேங்காய், வற்றல் மிளகாய், பூண்டு சேர்த்து வறுத்துப் பொடிப்பார்கள். இரண்டும் ஒரே செம்பழுப்பு நிறம். ஒரே அளவு குப்பி.

அதுவரை ஜெராக்ஸ் எடுத்த தாளை ஒட்டி அக்கம்பக்கத்தில் விற்றுக்கொண்டிருந்தார்கள். மார்த்தாண்டம், தக்கலை பேக்கரிகளில் வைக்க வேண்டும், மண்டைக்காட்டுக் கொடைத் திருவிழாவுக்கு ஒரு ஸ்டால் போட வேண்டும், அதற்குத் தகுந்த மாதிரி ஒரு பெயரும் லேபிளும் வேண்டும் என்று செலின் என்னிடம் வந்தார்.

அந்தச் சமயத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு பெண் தமிழ் எழுத்துருக்கள் வரைந்துகொண்டிருந்தாள். தக்கலைக்காரி. என்னைவிட இருபத்தைந்து வயது இளையவள். பெயரைப் போட்டால் திட்டுவாள், விட்டுவிடுகிறேன். சின்ன லேபிள்களில், மட்டமான தாளில் அச்சடித்தாலும் தெளிவாக நிற்கும்படி ஓர் எழுத்துருவை இரண்டு வருடமாகச் செதுக்கிக்கொண்டிருந்தாள். மாதிரித்தாளை எனக்கு அனுப்பிவிட்டு போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, அழகா இருக்கான்னு பாக்காதீங்க. உங்க லேபிள்ல என்னென்ன வார்த்தை வருமோ, அதையெல்லாம் சின்னதா அடிச்சு, பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. அப்புறமா முடிவு பண்ணுங்க."

பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை.

செலினிடம் பட்டியலைக் கொடுத்தபோது அவருடைய விரலும் அந்த வரியில்தான் நின்றது. "மேடம், இது என்னது? எழுத்துக்கும் பைசாவா?"

"அது... நல்ல ஃபாண்டுன்னா வாங்கணும்."

"வாங்காட்டி என்ன ஆவும்?"

இதைவிட நல்ல கேள்வியை எந்த வாடிக்கையாளரும் என்னிடம் கேட்டதில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பதில் சொல்லியிருந்தால் உட்கார்ந்து கேட்டிருப்பார். எனக்குப் பதில் தெரியவில்லை. "ஒண்ணும் ஆவாது, வேற வச்சுக்கலாம்" என்று சொல்லி வரியை அடித்தேன்.

கல்யாணப் பத்திரிகைக்கென்று யாரோ இலவசமாகப் போட்டிருந்த எழுத்துரு ஒன்றை இறக்கினேன். கொடி மாதிரி சுழியும் எழுத்துகள். அதை மெலிதாக்கினேன், சற்றுச் சாய்த்தேன், நெடுக இழுத்தேன். பழுப்புத் தாளில் கரும்பழுப்பு மையில் அச்சடிக்க முடிவு செய்தேன். பிராண்டின் பெயர் பெரிதாக மேலே. அதன் கீழே கொடியோடிய எழுத்தில் 'காணப் பொடி' அல்லது 'கூனிப் பொடி'. மற்றதெல்லாம் இரண்டிலும் ஒன்றுபோல. சைவமா அசைவமா என்று காட்டச் சட்டப்படி போட வேண்டிய பச்சைப் புள்ளியையும் பழுப்புப் புள்ளியையும்கூட, அழகு கெடக்கூடாதென்று பின்பக்க ஓரத்துக்கு ஒதுக்கினேன்.

லேபிள் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நாகர்கோவிலில் ஒரு கண்காட்சியில் வைத்தபோது ஆட்கள் குப்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஐந்து பேக்கரிகள் வாங்கி வைத்தன. செலின் குவைத்திலிருக்கும் தங்கைக்குப் படம் அனுப்பினார். நானும் படம் பிடித்து என் பக்கத்தில் போட்டேன்.

கொடைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு காலையில் செலினிடமிருந்து போன்.

"மேடம், கையில என்ன வேலையிருந்தாலும் போட்டுட்டு வாருங்க. நம்ம பொடியத் தின்னு ஒரு ஆள ஆஸ்பத்திரியில சேத்திருக்கு."

தக்கலையில் தையல் கடை வைத்திருக்கும் வசந்தா என்ற பெண். இறால் அவருக்கு ஆகாது. சின்ன வயதிலேயே ஒருமுறை அனுபவப்பட்டு, அதன் பிறகு கல்யாண வீட்டில்கூட விசாரித்துவிட்டுத்தான் சாப்பிடுவாராம். அன்று காலை தடுமன் பிடித்து மூக்கடைத்திருந்ததால் கஞ்சி வைத்து, காணப் பொடி என்று ஒட்டியிருந்த குப்பியிலிருந்து ஒரு கரண்டி போட்டுக் குடித்திருக்கிறார். வாசனை தெரியவில்லை. கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, தொண்டை இறுகி, பேச்சு வராமல் கடை வாசலுக்கு வந்து நின்றவரைப் பக்கத்து மொபைல் கடைக்காரர் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். நான் ஹாலுக்குப் போய்ச் சேரும் முன்பே செலின் போனில் டாக்டரிடம் பேசிவிட்டார். ஆபத்து நீங்கிவிட்டது, இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம்.

ஹாலில் பதினொரு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். மேசையில், தக்கலையிலிருந்து கொண்டுவந்த அந்தக் குப்பி. லேபிளில் காணம். திறந்தால் இறால் வாசனை.

லேபிள் ஒட்டுவது பனியம்மாவின் வேலை. ஐம்பது வயதைத் தாண்டியவர். இரண்டாம் வகுப்போடு நின்று, நாற்பதுக்குப் பிறகு கோயிலில் நடந்த சாயங்கால வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவர். மேசையில் இரண்டு லேபிள் ரோல் இருக்கும். எந்தப் பொடி வருகிறதோ அந்த ரோலை எடுத்து ஒட்டுவார். முந்தைய வாரம் ஒரு தட்டு நிறைய கூனிக் குப்பிகளுக்குக் காண ரோலை எடுத்துவிட்டார்.

"நான் அண்ணைக்கே சொன்னேன், படிச்ச பிள்ளையளாட்டு பாத்து இந்த வேலைக்கு இருத்தணும்ணு," என்றார் ஒருவர்.

"ஒரு உயிரு போயிருந்தா நாம எல்லாரும் ஜெயிலுக்கில்லா போயிருக்கணும்!" என்றார் இன்னொருவர்.

பனியம்மாவின் மகளும் அந்தக் குழுவில் இருந்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பனியம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் செலினைப் பார்த்து, "எனக்குத்தான் சரியா வாசிக்கத் தெரியாதுல்லா. நான் இனி இந்த வேலைக்கு வரல்ல," என்றார்.

என் கையில் அப்போது ஒரு ரோல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். மெலிந்த கோட்டில் க-வின் வயிறும் கொடியும் ஒன்றோடொன்று பின்னியிருந்தன. ண-வுக்கு மூன்று சுழி, ன-வுக்கு இரண்டு என்று நமக்கெல்லாம் ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். நான் நெடுக இழுத்ததில் அந்தச் சுழிகள் நசுங்கி, அச்சில் மை ஏறி அடைபட்டு, இரண்டா மூன்றா என்று எண்ண முடியாமல் கிடந்தன. கா-வின் காலும் கூ-வின் வாலும் ஒரே மாதிரிச் சுருண்டிருந்தன, னி-யின் மேல்சுழி கொடிக்குள் மறைந்திருந்தது. இதெல்லாம் அந்த நொடியில் எனக்குத் தெரிந்ததா என்று கேட்டால், தெரிந்தது. அரைகுறையாகத் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. 'இப்போது முதலில் குப்பிகளைத் திரும்ப எடுக்க வேண்டும், மற்றதைப் பிறகு பேசலாம்' என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

குப்பிகளைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது சரிதான். அதை முடிவு செய்ததும் நானல்ல, செலின்தான். "பாதி நல்ல குப்பியா இருக்கும், எல்லாத்தையும் ஏன் எடுக்கணும்? கொடைக்கு சரக்கு வேண்டாமா?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். செலின் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "எது நல்ல குப்பின்னு கடையில இருக்குத ஆளுக்குத் தெரியுமா? தெரியாதுன்னா எல்லாந்தான் வரணும்."

ஒரு ஆம்னி வேனைப் பிடித்து செலினும் நானும் கிளம்பினோம். குளச்சல், தக்கலை, மார்த்தாண்டம். மார்த்தாண்டத்து பேக்கரிக்காரர், "இதுக்குப் போய் எல்லாத்தையும் எடுக்கணுமா? மூடியத் தொறந்து மோந்து பாத்தா போதுமே," என்றார். "சீல் ஒடச்ச குப்பிய யாரு வாங்குவா அண்ணே?" என்று செலின் கேட்டதும், அலமாரியை அவரே காலி செய்து கொடுத்தார். இனிமேல் இந்தச் சரக்கு நமக்கு வேண்டாம் என்றும் கூடவே சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது மத்தியானம் மூன்று மணி இருக்கும். வேனில் பின்னால் நானும் இரண்டு காலி அட்டைப்பெட்டிகளும். முன்னாலிருந்து செலின், "மேடம், சும்மாதான இருக்கிய, லேபிளப் பாத்து காணத்த ஒண்ணுலயும் கூனிய ஒண்ணுலயும் பிரிச்சு வச்சிருங்க. எத்தன போச்சு, எத்தன வந்துன்னு எழுதணும்," என்றார். வேன் குலுங்கியது. நல்ல வெளிச்சம். குப்பி குப்பியாக எடுத்து லேபிளைப் பார்த்து இரண்டு பெட்டியிலும் அடுக்கினேன்.

ஹாலுக்கு வந்ததும் செலின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டிகளைச் சரிபார்க்க உட்கார்ந்தார். காணப் பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து வெளியே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் ஒன்று. மூன்றிலும் கூனி என்று எழுதியிருந்தது. பொடி மாறவில்லை, லேபிள் மாறவில்லை. லேபிளைப் படித்து அடுக்கியதில் பிழை. அதை அடுக்கியது அந்த லேபிளை வரைந்த கை.

செலின் மூன்று குப்பியையும் மறு பெட்டிக்கு மாற்றி வைத்துவிட்டு, என்னை ஒரு முறை பார்த்தார். அவ்வளவுதான்.

ஹாலில் வேறு யாரும் இல்லை. பனியம்மா மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

மறுநாள் காலையில் செலினையும் கூட்டிக்கொண்டு பனியம்மாவின் வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். மகள் உள்ளே இருந்தாள். நாற்காலி எடுத்துப் போட்டார்கள். நான் உட்காரவில்லை.

"பனியம்மா, நேத்து நடந்தது உங்க தப்பில்ல. எனக்க தப்பாக்கும். அந்த எழுத்து வாசிக்க முடியாத எழுத்து. நானே நேத்து மூணு குப்பிய மாத்தி வச்சேன். செலின்ட்ட கேளுங்க."

அவர் கையிலிருந்த சட்டியைக் கவிழ்த்து வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அழுவார் என்று நினைத்திருந்தேன், அல்லது 'சாரமில்ல மேடம், விடுங்க' என்று சொல்லிவிடுவார் என்று. இரண்டும் இல்லை.

"அப்பம் இத நேத்து ஏன் மேடம் சொல்லல்ல?"

நான் அவர் கவிழ்த்து வைத்த சட்டியைப் பார்த்தேன்.

"எனக்க மோளு முன்னால வச்சில்லா அவிய எல்லாரும் சொன்னாவ. நீங்களும் அங்கதான நிண்ணிய."

"பயந்துட்டேன்," என்றேன். அதைத் தவிர வேறு உண்மை என்னிடம் இல்லை.

அவர் உள்ளே பார்த்து, "ஏட்டி, கேட்டியா?" என்றார். மகள் வாசலுக்கு வந்தாள். "மேடம், இப்பம் சொன்னத இவள்ட்ட ஒருக்கா சொல்லுங்க."

சொன்னேன். பிறகு ஹாலுக்கு வந்து மற்றவர்கள் முன்னாலும் சொன்னேன். இரண்டாவது முறை முதல்முறையைவிடச் சுலபமாக இருக்கும் என்று நினைப்போம். இருக்காது.

வசந்தா அதற்குள் வீடு திரும்பியிருந்தார். செலின் அவரையும் பார்த்தாக வேண்டும் என்றார். போனோம். முகத்தில் இன்னும் வீக்கம் இருந்தது, குரல் கரகரத்தது. நான் வடிவமைப்பாளர், லேபிள் என்னுடையது என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"யாரு சும்மா குடுத்தாலும் நான் வாசிக்காம வாங்க மாட்டேன். வாசிச்சுட்டுத்தான் வாங்கினேன்," என்றார். பிறகு தையல் மெஷினைக் காட்டினார். "பிளவுசு அளவு தப்பிப் போச்சுன்னா நான் பிரிச்சு மறுபடி தச்சுக் குடுப்பேன். நீங்க இத எப்படிப் பிரிப்பிய?"

அந்தக் கேள்வியோடுதான் திருவனந்தபுரத்துக்குப் போன் செய்தேன். எழுத்துரு வரையும் தக்கலைக்காரி முழுவதையும் கேட்டாள். 'நான் அன்றைக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை வாறேன். எழுத்த உங்க ஆபீஸ்ல வெச்சுப் பாக்க வேண்டாம். அவங்க ஒட்டுற இடத்துலயே பாப்போம். அந்த அம்மா கண்டிப்பா இருக்கணும்," என்றாள்.

முதலில் பனியம்மா வர மறுத்தார், ஒரு வாரம் தள்ளிப் போட்டோம். செலின் போய் என்ன பேசினாரோ, இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வந்தார், மேசையிலிருந்து தள்ளி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். தக்கலைக்காரி மாதிரி லேபிள்களை மேசையில் பரப்பினாள். தன்னுடைய எழுத்துரு, இன்னும் இரண்டு பேருடையது, என்னுடைய பழைய கொடி எழுத்து, எல்லாம் கலந்து. எண்ணெய் படிந்த கையோடு எடுக்கச் சொன்னாள். லைட்டை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னாள். ரோலைத் தலைகீழாக வைத்துச் சொல்லச் சொன்னாள். மற்றவர்கள் எல்லோரும் படபடவென்று படித்தார்கள், நடுநடுவே தவறினார்கள், தவறியது தெரியாமலே அடுத்ததற்குப் போனார்கள். பனியம்மா ஒவ்வொன்றையும் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்து, உதட்டை அசைத்து, நேரமெடுத்துப் படித்தார். கொடி எழுத்து வந்தபோது மட்டும் தாளைக் கீழே வைத்துவிட்டு, "இது எனக்குத் தெரியல்ல," என்றார்.

தக்கலைக்காரி என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்: "பாத்தீங்களா அக்கா? நாம எழுத்தப் பாக்கறதில்ல. வார்த்தையோட உருவத்தப் பாத்து, இதுவாத்தான் இருக்கும்னு ஊகிச்சிட்டுப் போயிருறோம். அவங்க ஊகிக்கல. எழுத்து இல்லேன்னா இல்லேன்னு சொல்றாங்க."

அவளுடைய சொந்த எழுத்தும் அன்று தப்பவில்லை. பனியம்மா அதில் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "மோளே, இது கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த ண-க்க வயித்துல மை நெறஞ்சு கெடக்கு. ரெண்டு சுழி மாதிரி இருக்கு," என்றார். இரண்டு வருடம் உழைத்து வரைந்தவள் அந்தத் தாளை வாங்கி, லென்ஸ் வைத்துப் பார்த்து, "ஆமா, இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தன் நோட்டில் குறித்துக்கொண்டாள். பதினைந்து நாளில் சுழிகளைத் திறந்து, கூ-வின் வாலை நீட்டித் தனியாகப் பிரித்து, புதிதாக அனுப்பினாள். உங்களில் திறமைசாலிகள் பலர் இருப்பீர்கள். அந்த 'ஆமா, இருக்கு' என்பதைச் சொல்லத் திறமை மட்டும் போதாது.

உரிமத்துக்கான தொகையை நான் கொடுத்தேன். செலின் ஒத்துக்கொள்ளவில்லை, பாதியை எடுத்துக்கொண்டார். "வாங்காட்டி என்ன ஆவும்னு எனக்கும் இப்பம் தெரியும்லா," என்றார். லேபிளின் நிறத்தையும் மாற்றினோம். கூனிக்குச் சிவப்பு, காணத்துக்குப் பச்சை. 'இறால் சேர்ந்தது' என்ற வரியை செலின் நான் வைத்த அளவைவிட இரண்டு மடங்கு பெரிதாக்கச் சொன்னார். நல்ல எழுத்துரு வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அச்சு, நிறம், தாள், ஒட்டும் கை எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ஆனால் மற்றவை எல்லாம் சரியாக இருந்தும் எழுத்து ஏமாற்றிவிட்டால், ஏமாந்தவர் தன்னைத்தான் நொந்துகொள்வார். லேபிளைக் குறை சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. 'எனக்குக் கண் சரியில்லை', 'எனக்குப் படிப்பு போதாது' என்பார்கள். எத்தனை பேர் என் எழுத்துகளுக்கு முன்னால் அப்படி நின்றிருப்பார்களோ, எனக்குத் தெரியாது.

கொடைக்கு ஸ்டால் போட முடியவில்லை. அந்த வருடத்தின் பெரிய விற்பனை அதுதான். இரண்டு பெண்கள் குழுவிலிருந்து விலகிப் போனார்கள். ஒருத்தி முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போனாள். புதிய லேபிள் ஈஸ்டர் கழிந்துதான் வந்தது. மார்த்தாண்டத்து பேக்கரிக்காரர் கடைசி வரை திரும்ப வாங்கவில்லை. மற்ற கடைகளில் பையப் பைய விற்பனை ஏறியது. அடுத்த வருடம் யாரோ அதே சிவப்பும் பச்சையுமாக, அதே குப்பியில் ஒரு போலியைக் கொண்டுவந்து குளச்சலில் வைத்தார்கள். செலின் பதறிக்கொண்டு போனபோது கடைக்காரர் சிரித்தாராம். "ஆளுவ வாங்கல்லக்கா. நெறம் அதுதான், எழுத்து அது இல்லன்னு திருப்பித் தந்துட்டுப் போறாவ." அந்த எழுத்தை எங்கிருந்து வாங்கினோம், எவ்வளவு நாள் உழைத்தோம் என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. அது அவர்கள் கண்ணில் பதிந்திருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் வேலை செய்த வருடங்களில் அந்த வரியை எந்தப் பட்டியலிலிருந்தும் எடுத்ததில்லை. "வாங்காட்டி என்ன ஆவும்?" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வேன். பலர் ஒத்துக்கொண்டார்கள். நாலைந்து பேர் வேறு ஆளிடம் போனார்கள். போகட்டும். நீங்களும் சில வேலைகளை இழப்பீர்கள். உங்கள் மேலதிகாரியிடம் இதைக் காட்டி, நான்தான் அப்படிச் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

பனியம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் முடிந்ததாகாது. அவர் லேபிள் ஒட்டும் வேலைக்கு மறுபடி வரவில்லை. அச்சகத்திலிருந்து வரும் ஒவ்வொரு ரோலையும் முதலில் பார்த்து, சரியென்றால் உள்ளே எடுக்கும் பொறுப்பை செலின் அவருக்குக் கொடுத்தார். நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு, அச்சகத்துக்காரர் எனக்குப் போன் செய்து சத்தம் போட்டார். முப்பது வருடமாக அச்சு வேலையில் இருப்பவர். "யாரு மேடம் அந்த அம்மா? முழு ரோலையும் திருப்பி அனுப்பியிருக்காவ! நான் பாத்தேன், ஒரு கொறையும் இல்ல." ரோலை என் மேசைக்கு அனுப்பச் சொன்னேன். எனக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. லென்ஸை எடுத்துப் பார்த்தபோது, அச்சு பிளேட் தேய்ந்து ண-வின் நடுச்சுழி அடைபடத் தொடங்கியிருந்தது தெரிந்தது.

போனை எடுத்துப் பனியம்மாவிடம் சொன்னேன். "நீங்க சொன்னதுதான் சரி. நான் அவர்ட்ட பேசி, மாத்தி அடிச்சுத் தரச் சொல்லுதேன்."

"நீங்க என்னத்துக்கு மேடம் செரமப்படணும்?" என்றார் பனியம்மா. "அவருக்க நம்பர மட்டும் தாருங்க. நானே பேசிக்கிடுதேன்."